கருவிழிமேல் ஓர் ஏரி

எங்கள் ஊரில் பிள்ளைகள் நீச்சல் பழகுவது கிணற்றில். அவலூர்பேட்டையைச் சுற்றி மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே, பாறையைப் பிளந்து வெட்டிய அகலமான கிணறுகள் உண்டு. இடுப்பில் கட்டிய கயிற்றை அப்பா மேலே பிடித்திருக்க, தண்ணீருக்குள் நான் முதன்முதலாகக் கண்ணைத் திறந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மேலிருந்து பார்க்கையில் கல் கல்லாகத் தெரிந்த படிக்கட்டு, உள்ளே போனதும் பச்சையாகக் கரைந்துவிட்டது. என் கையே எனக்கு நிழலாகத் தெரிந்தது. மேலே வந்ததும், "தண்ணிக்குள்ள ஒண்ணுமே தெரியலப்பா" என்றேன். "மீனுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது" என்றார். அந்த வயதுக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

மீதிப் பதில் பல வருடம் கழித்துச் சென்னையில், ஒரு கண் மருத்துவமனையின் இருட்டறையில் கிடைத்தது. சொன்னவர் எனக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்த ஆப்டோமெட்ரிஸ்ட். கிணற்றுக்குள் என் பார்வையைப் பறித்த அதே விதியைக் கொண்டுதான் அவர் அதைத் திருப்பித் தந்தார்.

எனக்கு இருப்பது கெரட்டோகோனஸ். கண்ணின் முன்பக்கம் கைக்கடிகாரக் கண்ணாடி போலக் கவிந்திருக்கும் ஒளிபுகும் படலத்தைக் கருவிழி என்கிறோம். நடுவில் அதன் தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இந்த நோயில் அது மெலிந்து, மெலிந்த இடம் கூம்பாக முன்னே பிதுங்குகிறது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். ஒவ்வாமை அரிப்பும் கண்ணைக் கசக்கும் பழக்கமும் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. மல்லாட்டைச் செடி பிடுங்கி ஆயும் நாட்களில் புழுதி பறக்கும். நான் கசக்குவேன். "கண்ணக் கசக்காதடா" என்று ஆயா கையைத் தட்டிவிடுவார். கண் சிவக்குமே என்பதுதான் அவருடைய கவலை.

எனக்கு நோய் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது கார்த்திகை தீபம். வானம் தெளிவாக இருந்தால் திருவண்ணாமலை மலை உச்சித் தீபம் எங்கள் ஊர் மொட்டைமாடிகளிலிருந்து ஒரு புள்ளியாகத் தெரியும். பத்தாவது படித்த வருடம் எல்லாரும் அந்தப் புள்ளியைக் காட்டிக் கும்பிட்டார்கள். எனக்குப் புள்ளி தெரியவில்லை. ஏழெட்டுத் தீபங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, வால்வெள்ளி போல ஒரு பக்கம் இழுபட்டிருந்தன. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும், அதைத்தான் அழகு என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் உள்ள கோணலை அளப்பதற்குத் தொலைவில் எரியும் ஒற்றை ஒளிப்புள்ளியைவிட நல்ல கருவி கிடையாது என்று பிற்பாடு படித்தேன். புள்ளி எந்த வடிவத்தில் சிதறுகிறதோ, அதுதான் அந்தக் கண்ணின் ஜாதகம்.

மூக்குக்கண்ணாடியை மூன்று முறை மாற்றினோம். ஒவ்வொரு முறையும் பவர் கூடியது. எழுத்துகள் மட்டும் ஒன்றாகச் சேரவில்லை. கண்ணாடியின் பரப்பு ஒழுங்கானது, கூம்பிய கருவிழியின் பரப்பு ஒழுங்கற்றது. மேடு பள்ளமான தரையில் எவ்வளவு நல்ல பலகையைப் போட்டாலும் பள்ளம் பள்ளமாகவேதான் இருக்கும். கருவிழியின் மேடு பள்ளங்களை அளந்து வண்ணப் படமாகத் தரும் கருவியின் முன் யாராவது உட்கார வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். உட்கார வைக்க நான்கு வருடம் ஆனது. நோய் மேலும் கூடாமல் நிறுத்த ஒரு சிகிச்சை உண்டு. ரைபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினைச் சொட்டு விட்டு, புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, கருவிழியின் நார்களை ஒன்றோடொன்று பிணைப்பார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2003-இல் அதன் பலனை வெளியிட்டார்கள். அது சரிவைத் தடுக்கும். சரிந்ததை நிமிர்த்துவது வேறு வேலை.

முதலில் எனக்குக் கொடுத்தது சின்னக் கடின லென்ஸ். ஒன்பது பத்து மில்லிமீட்டர் அகலத்தில் கருவிழிமேலேயே உட்காரும். பார்வை தெளிந்தது. ஆனால் கூம்பின் உச்சிதான் அந்த லென்ஸின் பாரத்தைத் தாங்கியது. உடலிலேயே நரம்பு முனைகள் மிக நெருங்கியிருக்கும் இடங்களில் கருவிழியும் ஒன்று. ஆடிக் காற்றில் ஒரு தூசி லென்ஸுக்கு அடியில் போனால், பஸ் ஸ்டாண்டில் நின்ற இடத்திலேயே கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இரண்டு முறை களத்து மண்ணில் லென்ஸ் விழுந்து தொலைந்தது. மூன்றாவது வருடம் கூம்பின் உச்சியில் வெள்ளைத் தழும்பு தெரிய ஆரம்பித்தது. நோயின் தழும்பும் இருக்கலாம், உரசலும் சேர்ந்திருக்கலாம். எந்த இடம் நொந்திருந்ததோ அந்த இடத்தின் மேலேயே உதவியும் ஏறி உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்கிளீரல் லென்ஸ் என்ற சொல்லைக் கேட்டேன்.

*

"நீங்க கிணத்துல நீச்சல் அடிப்பீங்களா?" என்று அந்த ஆப்டோமெட்ரிஸ்ட் கேட்டார். தலையாட்டினேன். "உள்ள கண்ணத் தொறந்தா மங்கலா இருக்கும்ல? தண்ணி வந்து உங்க கருவிழிய இல்லாம ஆக்கிடுது. அதான் காரணம்."

கணக்கு எளிது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எவ்வளவு வளையும் என்பது அந்த இரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கு உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்றுக்கு 1, கருவிழிக்கு 1.376, உப்புநீருக்கு ஏறத்தாழ 1.336. காற்றிலிருந்து கருவிழிக்குள் நுழையும்போது வித்தியாசம் 0.376. கண்ணின் மொத்த பவரான ஏறத்தாழ 60 டயாப்டரில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழி தருவது இதனால்தான். கருவிழிக்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டால் வித்தியாசம் 0.040, அதாவது பத்தில் ஒரு பங்குதான். கருவிழியின் முன்பரப்பு ஒளியின் பாதையில் இருந்தும் இல்லாதது போல ஆகிவிடுகிறது. 1801-இல் இங்கிலாந்தின் தாமஸ் யங், நீர் நிரப்பிய லென்ஸ் குழலைத் தன் கண்ணோடு பொருத்திச் சோதித்து இதை எழுதிவைத்திருக்கிறார்.

நல்ல கண்ணுக்கு இது நஷ்டம். கோணிய கண்ணுக்கோ இதுவே வழி. முன்பரப்பு மறையும்போது அதிலிருக்கும் கூம்பும் தழும்பின் மேடும் அறுவையில் தைத்த வரியும் பத்தில் ஒன்பது பங்கு சேர்ந்து மறைகின்றன. மறைந்த பரப்புக்குப் பதிலாக ஒழுங்கான ஒரு பரப்பை மேலே வைத்துவிட்டால் போதும். ஸ்கிளீரல் லென்ஸ் செய்வது அதைத்தான். 15 மில்லிமீட்டரிலிருந்து 20-க்கும் மேலான அகலம் கொண்ட கடினமான கிண்ணம் அது. அதில் உப்புநீர் நிரப்பிக் கண்ணில் பொருத்துகிறார்கள். கிண்ணம் கருவிழியைத் தொடாமல் தாண்டி நின்று, சுற்றியிருக்கும் வெள்ளைவிழியில் ஊன்றுகிறது. நடுவே நீர் தேங்கி நிற்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு ஏரி நினைவு வந்தது. கோடையில் வண்டல் எடுத்த குழியும் மாட்டுத் தடமும் கருவேல மேடுமாகக் கிடக்கும் ஏரியின் அடிமடி, ஐப்பசியில் நிரம்பியதும் ஒரே மட்டமாகிவிடும். குழிகள் எங்கும் போய்விடவில்லை. தண்ணீர் அவற்றைத் தனக்குள் வைத்துக்கொண்டு மேலே சமமாக நிற்கிறது. என் ஏரிக்கு மேலே ஒளிபுகும் ஒரு மூடியும் உண்டு என்பதுதான் வித்தியாசம்.

*

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1888-இல் சூரிச்சில் அடோல்ஃப் ஃபிக் கண்ணாடிக் கிண்ணம் செய்து, சர்க்கரைக் கரைசல் நிரப்பி, முயல்களுக்கும் தனக்கும் பிறகு நோயாளிகளுக்கும் போட்டுப் பார்த்தார். அதே ஆண்டு பாரிஸில் யூஜின் கால்ட் கூம்பிய கருவிழிக்கென்றே கண்ணாடிக் கிண்ணங்களை முயன்றார். மறு ஆண்டு கீல் நகர மருத்துவ மாணவர் ஆகஸ்ட் முல்லர், தன்னுடைய 14 டயாப்டர் கிட்டப்பார்வைக்குத் தானே கிண்ணம் கடைந்தார். கொக்கேயின் சொட்டு விட்டு மரத்துப்போகச் செய்தும் அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. உலகின் முதல் கான்டாக்ட் லென்ஸ்கள் இந்தப் பெரிய கிண்ணங்கள்தான்.

அவை தோற்றதற்குக் காரணம் மூச்சு. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. பெரும்பாலும் கண்ணீரின் வழியே காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜன் எடுக்கிறது. கண்ணாடி காற்றை விடாது. கருவிழி வீங்கி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தோன்றி, பார்வை மூடும். 1948-இல் அமெரிக்காவின் கெவின் டூஹி கருவிழியளவுக்குச் சிறிய பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்ததும் பெரிய கிண்ணங்கள் ஒதுக்கப்பட்டன. ஆக்சிஜனை ஊடுருவ விடும் கடினப் பொருள் வந்தபின், 1983-இல் ஆஸ்திரேலியாவின் டான் எசக்கியேல் அதில் பெரிய லென்ஸ் செய்து காட்டினார். பாஸ்டனில் பெரி ரோசன்தால் 1992-இல் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1994-இல் அவருடைய லென்ஸுக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அங்கே வளர்ந்து 'ப்ரோஸ்' என்று பெயர் பெற்ற முறை ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனைக்கு வந்தது. 2011-இல் சென்னை சங்கர நேத்ராலயாவுக்கும் வந்தது. முல்லரின் அரை மணி நேரம் ஒரு முழு வேலைநாளாக மாற நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

*

லென்ஸ் பொருத்த நான் மூன்று நாள் போனேன். முதல் நாள் எனக்கு வியப்பாக இருந்த விஷயம், அவர் எழுத்துப் பலகையை எனக்குக் காட்டவே இல்லை. பச்சைச் சாயம் கலந்த நீரை நிரப்பி, லென்ஸைப் போட்டு, நீல ஒளியில் கண்ணை எல்லாப் பக்கமும் சுழற்றச் சொல்லி, அரை மணி நேரம் விளிம்பையே பார்த்தார். "எழுத்து நடுவுல தெரியும். அது நிக்கிறதும் நிக்காததும் ஓரத்துலதான் இருக்கு" என்றார். இந்த மருத்துவத்தின் சாரம் அந்த ஒரு வாக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் நீரின் ஆழம். லென்ஸைப் போட்ட புதிதில் கூம்பின் உச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே சுமாராக 200 முதல் 300 மைக்ரான் இடைவெளி விடுகிறார்கள். சில மணி நேரத்தில் லென்ஸ் வெள்ளைவிழியின் மென்மையான தோலில் அமிழ்ந்து, ஏறத்தாழ 100 மைக்ரான் இறங்குகிறது. அதனால்தான் காலையில் போட்டுவிட்டு மாலையில் மறுபடி அளக்கிறார்கள். ஆழம் குறைந்தால் லென்ஸ் உச்சியைத் தொட்டு, பழைய தழும்புக் கதை திரும்பும். கூடினால் லென்ஸ் எளிதாகச் சரியும், அடியில் கலங்கல் சேரும், ஆக்சிஜன் குறையும். லென்ஸின் தடிமன் 250 மைக்ரானையும் நீரின் ஆழம் 200 மைக்ரானையும் தாண்டக் கூடாது என்று 2012-இல் கனடாவின் மிஷோவும் அவருடைய கூட்டாளிகளும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஒருசில தலைமுடிகளின் பருமனுக்குள் நடக்கிற விவகாரம் இது.

அடுத்தது கரை. வெள்ளைவிழி பந்துபோல உருண்டை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் மூக்குப் பக்கம் சற்றுத் தட்டையாகவும் நெற்றிப்பொட்டுப் பக்கம் சரிவாகவும் இருக்கிறது. கருவிழியை விட்டு விலக விலக இந்தக் கோணல் கூடுகிறது. அதன்மேல் சீரான வட்ட விளிம்பை வைத்தால், பாறைமேல் வைத்த தட்டைப் போல ஒரு பக்கம் அழுத்தி ஒரு பக்கம் தூக்கும். அழுத்திய இடத்தில் ரத்தக் குழாய் வெளிறும். தூக்கிய இடத்தின் வழியே காற்றுக் குமிழி நுழையும்; குமிழி பாவைக்கு எதிரே வந்தால் பார்வை அந்த இடத்தில் அறுந்துவிடும். பெரும்பாலான லென்ஸ்கள் கீழும் பொட்டுப் பக்கமுமாகச் சரிகின்றன. சரிந்தால் நடுவே நிற்கும் நீர் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து ஆப்பு வடிவம் எடுக்கிறது. நீர் ஆப்பு பட்டகம்போல ஒளியைத் திருப்பும். எழுத்துக்கு மறுபடி வால் முளைக்கும். இன்னொன்றும் உண்டு. கோணலான வெள்ளைவிழியில் மெல்லிய லென்ஸ் வளைந்துகொடுக்கிறது. விளிம்பில் நேர்ந்த வளைவு நடுப்பரப்பையும் முறுக்கி, அங்கே இல்லாத கோணலை உண்டாக்குகிறது. லென்ஸைத் தடிமனாக்கினால் வளையாது, ஆனால் மூச்சு குறையும். ஆகவே கரையையே கண்ணின் கோணலுக்குத் தகுந்தபடி, இரு திசைக்கு இரு சரிவாகவோ நான்கு பக்கத்துக்கு நான்கு சரிவாகவோ கடைகிறார்கள். எனக்கு அப்படிக் கடைந்து வந்த இரண்டாவது லென்ஸ் போட்ட இடத்தில் அசையாமல் நின்றது.

அதன் பிறகுதான் முன்பரப்பு. நீரும் கரையும் சரியான பின்னும் சிலருக்குப் பார்வை முழுதாகத் தெளிவதில்லை. கருவிழியின் பின்பரப்பும் கூம்பியிருக்கிறது; தண்ணீர் முன்பக்கத்தைத்தான் மறைக்கும். அந்த மிச்சம் இரவு விளக்குகளில் ஒரு நிழலாகத் தொடரும். லென்ஸின் முன்பரப்பை முழு உருண்டையாக விடாமல், ஓரம் நோக்கிப் போகப் போகத் தட்டையாகும்படி செய்தால் கெரட்டோகோனஸ் போன்ற நோய் உள்ளவர்களின் பார்வை மேம்படுவதாகப் பாஸ்டன் குழு 2012-இல் எழுதியது. அடுத்த ஆண்டு ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒவ்வொரு கண்ணின் மிச்சப் பிழையையும் தனித்தனியே அளந்து, அதற்கு எதிரான மேடு பள்ளத்தை லென்ஸின் முன்பரப்பிலேயே கடைந்து காட்டினார்கள். இதெல்லாம் பலிப்பதும் லென்ஸ் சரியாமலும் சுழலாமலும் நின்றால்தான். மீண்டும் கரைக்கே வந்து சேர்கிறோம்.

மூன்றாம் நாள் அவர் எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசிக்கு முந்தைய வரி வரை படித்தேன். ஊர் திரும்பும்போது, திண்டிவனத்தில் மாறி, செஞ்சி வழியாக வந்த பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சாலையின் இரு பக்கமும் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் வந்தன. அந்த மலைகளை நான் எப்போதும் ஒரே சாம்பல் பூச்சாகத்தான் பார்த்திருந்தேன். அவை மலைகளே அல்ல, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவிட்டுப் போன பாறைகள் என்பதும், ஒவ்வொரு பாறைக்கும் தனித்தனி நிழல் உண்டு என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர், "கண்ணு வலிக்குதா தம்பி?" என்று கேட்டார்.

*

காத்திருக்கும் கூடத்தில் என்னைப் போன்ற கூம்புக்காரர்களைவிடக் கஷ்டமான கண்கள் இருந்தன. கருவிழி மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் உண்டு. 1945-இல் நாட்டின் முதல் கண் வங்கி எழும்பூரில் தொடங்கியதிலிருந்து எத்தனையோ இறந்தவர்களின் கருவிழி எத்தனையோ பேருக்கு வெளிச்சம் தந்திருக்கிறது. ஆனால் தைத்த கருவிழி பல சமயம் கோணலாகவே ஆறுகிறது. தானமாக வந்த அந்தப் படலத்தைத் தொடாமல் தாண்டி நின்று இந்த லென்ஸ் உதவுகிறது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்தவர்களும் இருந்தார்கள். காய்ச்சலுக்கோ வலிப்புக்கோ சாப்பிட்ட ஏதோ ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல், தோல் வெந்து உரிந்து, உயிர் பிழைத்தபின் கண்ணில் கண்ணீரே வற்றிப்போனவர்கள். ஒவ்வொரு இமைப்பும் அவர்களுக்கு உரசல். அவர்களுடைய கருவிழிக்கு இந்த லென்ஸ் நாள் முழுக்க நீர் கட்டி வைக்கிறது. அங்கே ஓர் அம்மா முதல் தடவை லென்ஸ் போட்டதும் எழுத்துப் பலகையைப் பார்க்கவே இல்லை. வெளியே வெயிலில் போய், கண்ணைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

என் ஆயாவுக்கும் பிறகு அம்மாவுக்கும் கண்புரை அறுவை நடந்தது முகாம் வழியாக. பஸ்ஸில் கூட்டிப்போய், கண்ணுக்குள் லென்ஸ் வைத்து, திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் கண்ணுள் வைக்கும் லென்ஸைச் செய்யத் தொடங்கி, அதன் விலையைப் பல மடங்கு இறக்கியதால் வந்த பாக்கியம் அது. என் லென்ஸுக்கும் அப்படி ஒரு காலம் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தடை எங்கே என்றும் தெரிகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு ஓர் அச்சு ஆயிரம் பேருக்கு ஆகும். வெள்ளைவிழியின் கோணல் ஆளுக்கு ஆள் வேறு, வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்குமே வேறு. பொருளின் விலை இறங்கினாலும், விளிம்பை அரை மணி நேரம் பார்க்கிற கண்களின் விலை இறங்காது, இறங்கவும் கூடாது. அப்படிப்பட்டவர்களை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் உட்கார வைப்பதுதான் ஒரே வழி. அவலூர்பேட்டையிலிருந்து ஒருவர் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டுச் சென்னையில் தங்க முடிந்தால்தான் பார்வை என்பது நியாயம் இல்லை.

*

லென்ஸ் போடுவதற்கு ஒரு முறை உண்டு. கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். மேசையில் கண்ணாடியைப் படுக்கவைத்து, அதை நோக்கி முகத்தைத் தரைக்கு இணையாகக் குனிய வேண்டும். ரப்பர் பிடிமேல் லென்ஸை உட்கார வைத்து, பதப்படுத்தும் ரசாயனம் சேராத உப்புநீரை விளிம்பு வரை நிரப்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். லென்ஸை மேலே ஏற்ற வேண்டியதில்லை, கண்தான் தண்ணீருக்கு இறங்கி வரவேண்டும். மதியம் சில நாள் நீர் கலங்கும். கண்ணீரின் கொழுப்பும் சளியும் உள்ளே சேர்ந்து பால் போலாகிவிடும். கழற்றி, கழுவி, புதுநீர் நிரப்பினால் மறுபடி தெளியும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் லென்ஸில் படவே கூடாது. அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் அவற்றில் இருக்கலாம்; கருவிழியைத் தின்றுவிடும். லென்ஸோடு நீச்சலும் கிடையாது. எனக்குப் பார்வையின் விதியைக் கற்றுத்தந்த கிணற்றுக்குள், பார்வை வந்த நாளிலிருந்து நான் அந்தக் கண்ணோடு இறங்கியதில்லை. மகளுக்கு நீச்சல் பழக்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நிற்கிறேன். அவள் மேலே வந்து, உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்கிறாள். கண்ணைக் கசக்காதே என்று மட்டும் சொல்கிறேன்.

மழைக்கு முன்னால் ஏரிக்கரைமேல், ஏரியைக் கவனித்துக்கொள்ளும் நீர்க்கட்டி நடந்து போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர் தண்ணீரைப் பார்க்கமாட்டார். கரையின் வெளிப்பக்கச் சரிவில் எங்காவது ஈரம் கசிகிறதா, எலி வளை இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போவார். அவருடைய நடை இப்போது எங்கள் வீட்டிலும் நடக்கிறது. ராத்திரி லென்ஸைக் கழற்றியதும் வெள்ளைவிழியில் விளிம்பு ஊன்றிய இடத்தில் மெல்லிய வளையம் தெரியலாம். சீக்கிரம் மறைந்தால் கவலையில்லை. ஆழமாகப் பதிந்து மறையாமல் நின்றால் கரை இறுக்குகிறது, போய்க் காட்ட வேண்டும். லென்ஸ் இல்லாமல் என் கண்ணை என்னால் கண்ணாடியில் பார்க்க முடியாது. எல்லாம் பழையபடி ஏழெட்டாகிவிடும். அதனால் அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு வருகிறார். கண்புரை எடுத்த அவர் கண்ணை என் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, மேலே பார், கீழே பார் என்று சொல்லி, வெள்ளையைச் சுற்றி நிதானமாக வெளிச்சத்தை ஓட்டுகிறார்.

"கோடு ஒண்ணும் இல்லடா. படு."